எலும்பா இரும்பா: ஐஸ் ஸ்கேட்டிங்கைத் தொடங்கியது யார்?

பனங்கிழங்கு | டிசம்பர் 27, காலை 10.15

ஐஸ் ஸ்கேட்டிங் டச்சுக்காரர்கள் தந்த கலை என்று எங்கே பார்த்தாலும் எழுதியிருக்கிறார்கள். ஆனால் 2023இல் சீனாவின் ஷின்ஜியாங் பகுதியில் ஏறத்தாழ 3,500 ஆண்டுப் பழைய எலும்பு ஸ்கேட்ஸ் கிடைத்ததாகச் செய்தி வந்தது. மாட்டு எலும்பு, குதிரை எலும்பில் செய்தவை. பின்லாந்து, சுவீடன் பக்கமும் இதே மாதிரி நிறையத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். பிறகு டச்சுக்காரர்களுக்கு ஏன் இந்தப் பெருமை? ஐரோப்பாக்காரன் எழுதிவைத்தால் அதுதான் வரலாறா?

கால்வாய்க்கரை | டிசம்பர் 27, இரவு 9.40

எலும்பு பழசு, அதில் சண்டை இல்லை. பின்லாந்தும் சுவீடனும் ஐரோப்பாதான் என்பதையும் விட்டுவிடுகிறேன். என் கட்சி வேறு: எலும்பைக் கட்டிக்கொண்டு போனது ஸ்கேட்டிங்கே இல்லை.

மாடு அல்லது குதிரையின் கீழ்க்கால் எலும்பை எடுத்து, ஒரு பக்கம் தட்டையாகச் சீவி, தோல்வாரால் காலில் கட்டுவார்கள். துளையே போடாத எலும்புகளும் கிடைத்திருக்கின்றன. கட்டாமல் மேலே ஏறி நின்றே போயிருக்கலாம். எலும்பிலேயே கொழுப்பு இருப்பதால் நன்றாக வழுக்கும். வழுக்கும், அவ்வளவுதான். அதற்கு விளிம்பு கிடையாது. விளிம்பு இல்லாமல் பனிக்கட்டியை உதைக்க முடியாது, உதைத்தால் கால்தான் நழுவும். அதனால் இரும்பு முனை வைத்த கழியைக் கால்களுக்கு நடுவே ஊன்றி ஊன்றித் தள்ளிக்கொண்டு போனார்கள், ஒகேனக்கல்லில் பரிசல்காரர் கழி போடுகிற மாதிரி. இரண்டு காலும் தரையிலேயே இருக்கும். வேலை முழுக்கக் கைக்குத்தான்.

இரும்புப் பிளேடு வந்த பிறகுதான் ஒரு காலின் விளிம்பை ஊன்றிப் பக்கவாட்டில் தள்ளி, மறு காலில் வழுக்கிப் போக முடிந்தது. அது நடந்தது 13ஆம், 14ஆம் நூற்றாண்டுகளில், இன்றைய நெதர்லாந்துப் பகுதியில். நான் ஸ்கேட்டிங் என்று சொல்வது அதைத்தான்.

கால்வாய்க்கரை | டிசம்பர் 28, காலை 7.20

ராத்திரி எழுதியதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். இதை நான் புத்தகத்தில் படித்து நம்பவில்லை. நெதர்லாந்தில் உத்ரெக்ட் நகரத்துப் பக்கம் வேலைக்கு வந்து, நாற்பது வயது தாண்டி ஸ்கேட்டிங் கற்றுக்கொள்ளப் போனேன். இங்கே ஆரம்பக்காரர்களுக்கு மர நாற்காலி ஒன்றைக் கொடுத்து, அதைப் பிடித்துத் தள்ளிக்கொண்டே போகச் சொல்வது பழைய வழக்கம். நாற்காலியோடு நான் தத்தளிக்க, ஐந்து வயதுப் பொடிசுகள் இரண்டு பக்கமும் சர் சர்ரென்று போவார்கள். அவமானத்துக்கு எல்லையே இல்லை.

நடந்து பழகிய உடம்பு பின்னால்தான் உதைக்கும். ஐஸில் பின்னால் உதைத்தால் பிளேடு அதன் நீளவாக்கில் வழுக்கிப் பின்னால் போகும், நாம் குப்புற விழுவோம். சொல்லிக்கொடுத்த அம்மா ஒரே வாக்கியத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்: பக்கத்தில் தள்ளு. அது காலுக்குப் புரிகிற வரை நான் செய்ததெல்லாம் எலும்புக் காலத்து வேலைதான். கழி மட்டும்தான் இல்லை.

பனங்கிழங்கு | டிசம்பர் 28, காலை 11.05

விளிம்பு இருந்தால்தான் ஸ்கேட்டிங் என்பது நீங்களே வகுத்த சட்டம், அண்ணே. ஐஸ்மேல் கால் வழுக்கிப் போனால் ஸ்கேட்டிங். ஊர் உலகம் அப்படித்தான் சொல்லும்.

கால்வாய்க்கரை | டிசம்பர் 28, இரவு 10.30

சட்டம் நான் வகுத்ததுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் பிடித்துக்கொண்டிருப்பேன்.

உங்கள் கட்சிக்கு நல்ல சாட்சி ஒன்றை நானே தருகிறேன். வில்லியம் ஃபிட்ஸ்டீஃபன் என்ற பாதிரியார் 1170களில் லண்டனைப் பற்றி எழுதினார். நகரின் வடக்கு மதிலுக்கு வெளியே மூர்ஃபீல்ட்ஸ் என்ற சதுப்பு நிலம். குளிர்காலத்தில் அது உறைந்ததும் இளைஞர்கள் கூட்டம் கூட்டமாக வந்துவிடுவார்கள். விலங்கின் எலும்பைக் காலில் கட்டிக்கொண்டு, இரும்புப் பூண் போட்ட கழியால் ஐஸைக் குத்தி, பறவையைப் போல, வில்லிலிருந்து விட்ட அம்பைப் போலப் பறந்தார்களாம். அதோடு விடவில்லை. இரண்டு பேர் எதிரெதிராக வந்து கழியால் மோதிக்கொள்வார்கள். யாராவது ஒருவர் விழுவார், பல நேரம் கையோ காலோ உடையும்.

அம்மா அப்பா பேச்சைக் கேட்காமல் கை கால் உடைத்துக்கொள்ளும் அளவுக்கு ஈர்ப்பு இருந்தால், அதை ஏதோ ஒரு போக்குவரத்துச் சாதனம் என்று மட்டும் தள்ளிவிட முடியாது. இந்த இடத்தில் என் கட்சி கொஞ்சம் ஆடுகிறது. விளையாட்டு என்ற வகையில் எலும்புக்கும் பங்கு உண்டு என்று எழுதிக்கொள்ளுங்கள். உத்தி என்ற வகையில் தர மாட்டேன்.

பழையசோறு | டிசம்பர் 29, மதியம் 1.10

குளிர் நாட்டில் எதற்கு எலும்பு கட்டிக்கொண்டு அலைய வேண்டும், வீட்டில் இருக்கலாமே?

கால்வாய்க்கரை | டிசம்பர் 29, இரவு 8.55

பழையசோறு, கிண்டலாகக் கேட்டாலும் அதற்கு ஆராய்ச்சியே இருக்கிறது. ஃபெடரிகோ ஃபொர்மென்டி, ஆல்பெர்ட்டோ மினெட்டி என்ற இருவர் பழைய ஸ்கேட்ஸ் மாதிரிகளைச் செய்து, ஆட்களுக்குக் கட்டிவிட்டு, எவ்வளவு ஆற்றல் செலவாகிறது என்று அளந்தார்கள். முடிவுகள் 2007, 2008 வாக்கில் வெளிவந்தன. தெற்குப் பின்லாந்தில் ஏரிகள் நெருக்கமாகக் கிடக்கின்றன. குளிர்காலத்தில் சுற்றிப்போகாமல் எலும்பு கட்டிக் குறுக்கே போனால் சுமார் 10 சதவீதம் ஆற்றல் மிச்சம். மற்ற வட நாடுகளில் இந்த லாபம் மிகக் குறைவு. அதனால் எலும்பு ஸ்கேட்ஸ் அங்கேதான் தோன்றியிருக்க வேண்டும் என்பது அவர்கள் கணிப்பு. ஷின்ஜியாங் எலும்புகள் கிடைத்தது அதற்குப் பிறகு.

10 சதவீதம் பெரிய விஷயமா என்று கேட்கலாம். பகல் வெளிச்சம் ஐந்தாறு மணி நேரம் மட்டும் இருக்கிற ஊரில் அது பெரிய விஷயம்தான்.

கால்வாய்க்கரை | டிசம்பர் 30, மாலை 6.15

ஏன் டச்சு நாட்டில் விளிம்பு வந்தது என்று தனிமடலில் ஒருவர் கேட்டிருந்தார். இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

இந்த நாட்டில் தண்ணீர்தான் சாலை. ஊருக்கு ஊர் கால்வாய், வயலுக்கு வயல் வாய்க்கால். கோடையில் படகு. குளிர்காலத்தில் படகு மாட்டிக்கொள்ளும், அதே பாதையில் ஸ்கேட்ஸ். சந்தைக்கு முட்டைக் கூடையோடு போகிற பெண்ணுக்கு இரண்டு கையும் வேண்டும், கழி பிடித்தால் கூடையை யார் பிடிப்பது? இது என் ஊகம்தான், ஆனால் நன்றாகப் பொருந்துகிறது. மரப்பலகைக்கு அடியில் இரும்புப் பட்டை, பலகையைத் தோல்வாரால் காலணியோடு இறுக்குவது. அடிப்படை வடிவம் இதுதான். சின்னச் சின்ன மாற்றங்களோடு 20ஆம் நூற்றாண்டு வரை ஓடியது. இங்கே பழைய சாமான் சந்தையில் இன்றும் அந்த மர ஸ்கேட்ஸ் குவிந்து கிடக்கும். சுவரில் மாட்ட வாங்குகிறார்கள்.

ஸ்கேட்டிங்கைக் காட்டும் முதல் ஓவியம் என்று சொல்லப்படுவது 1498இல் அச்சான ஒரு மரச்செதுக்குப் படம். பார்த்தால் அது ஒரு விபத்துப் படம். ஸ்கீடாம் ஊரைச் சேர்ந்த லிட்வினா என்ற பதினைந்து வயதுப் பெண் 1395-96 குளிர்காலத்தில் ஐஸில் விழுந்து விலா எலும்பை முறித்துக்கொண்டாள். பிறகு எழவே இல்லை. 1433இல் சாகும் வரை படுக்கைதான். அது விழுந்ததால் வந்த வினை மட்டும் இல்லை, நரம்பு மண்டலத்தைத் தாக்கும் மல்டிபிள் ஸ்கிலரோசிஸ் நோயாக இருந்திருக்கலாம் என்று பிற்கால மருத்துவர்கள் சிலர் சொல்கிறார்கள். 1890இல் திருச்சபை புனிதர் பட்டம் கொடுத்தது. இன்று ஸ்கேட்டர்களின் பாதுகாவலர் அவர்தான். விழுந்து எழாதவரை நம்பி ஏறுகிறார்கள், தைரியம்தான்.

என் வழக்குக்கு வேண்டியது அந்தப் படத்தின் பின்னணியில் இருக்கிறது. அங்கே ஒரு ஆள் ஒற்றைக் காலில் சாய்ந்து வழுக்கிப் போகிறான், மறு கால் பின்னால் தூக்கியிருக்கிறது. கையில் கழி இல்லை. பனங்கிழங்கு, அந்தப் படத்தைத் தேடிப் பாருங்கள்.

பனங்கிழங்கு | டிசம்பர் 31, காலை 9.00

பார்த்தேன். கால் தூக்கியிருக்கிறான், சரி. அவனும் விழப் போகிறானோ என்னவோ.

கால்வாய்க்கரை | ஜனவரி 2, இரவு 11.10

புத்தாண்டு விடுமுறையில் ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ்மியூசியம் போனேன். ஹென்ட்ரிக் அவெர்காம்ப் வரைந்த குளிர்காலக் காட்சியின் முன்னால் நின்றவனை வீட்டுக்காரி இழுத்துக்கொண்டு போக வேண்டியதாயிற்று. 1608 வாக்கில் வரைந்தது. அவெர்காம்ப் கம்பென் ஊர்க்காரர், வாய் பேசாதவர். கம்பென் ஊமை என்றே அழைத்தார்களாம். படத்தில் பணக்காரர், பிச்சைக்காரர், குழந்தை, நாய் எல்லோரும் ஒரே ஐஸில். விழுந்து கிடப்பவர்கள் உண்டு, காதலர்கள் உண்டு, கழிப்பறைக் கொட்டகையும் உண்டு. இங்கிலாந்தில் ஸ்கேட்டிங் பிறகு கனவான்கள் விஷயமாகிப் போனது. இங்கே கடைசிவரை எல்லோருடையதாகவும் இருந்தது. டச்சுக்காரர்களுக்குப் பெருமை ஏன் என்று கேட்டீர்களே, இதையும் கணக்கில் சேருங்கள்.

கால்வாய்க்கரை | ஜனவரி 3, மதியம் 2.25

இங்கிலாந்து என்றதும் வருகிறது. இரண்டாம் சார்லஸ் நாடுகடந்து வாழ்ந்த காலத்தில் அரச பரிவாரம் நெதர்லாந்தில் ஸ்கேட்டிங் பார்த்துவிட்டு வந்தது. 1662 டிசம்பரில் செயின்ட் ஜேம்ஸ் பூங்காவில் சாமுவேல் பீப்ஸ் முதன்முதலாக அதைப் பார்த்து, அழகான கலை என்று நாட்குறிப்பில் எழுதினார். இரண்டு வாரம் கழித்து அரசரின் தம்பி யார்க் கோமகனே ஐஸ் உடைந்து ஆபத்தாகக் கிடக்கும்போதும் ஸ்கேட் செய்தார், நன்றாகவே வழுக்கினார் என்று அதே நாட்குறிப்பு.

எடின்பரோவில் 18ஆம் நூற்றாண்டில் ஒரு ஸ்கேட்டிங் சங்கம் இருந்தது, இவ்வகையில் உலகின் முதல் சங்கம் என்பார்கள். சேரத் தேர்வு உண்டு. ஒவ்வொரு காலிலும் தனித்தனியாக ஒரு முழு வட்டம் போட வேண்டும். பிறகு ஒரு தொப்பியைத் தாண்ட வேண்டும், அப்புறம் இரண்டு, அப்புறம் மூன்று தொப்பி அடுக்கி. யார் தொப்பியை வைத்தார்கள் என்பதுதான் எனக்குக் கவலை.

பழையசோறு | ஜனவரி 3, மாலை 4.00

தோற்றவன் தொப்பி.

கால்வாய்க்கரை | ஜனவரி 5, இரவு 9.15

நேற்றிரவு தூக்கம் வராமல் படித்தது. 1867 ஜனவரி 15, லண்டன் ரீஜென்ட்ஸ் பூங்கா ஏரி. ஸ்கேட்டிங் கூட்டத்தின் பாரம் தாங்காமல் ஐஸ் உடைந்து சுமார் 200 பேர் தண்ணீரில் விழுந்தார்கள். 40 பேர் இறந்தார்கள். குளிரால் போனவர்கள் பாதி, கனத்த உடைகளும் காலில் இறுகக் கட்டிய ஸ்கேட்ஸும் நீந்த விடாததால் போனவர்கள் பாதி என்று நினைக்கிறேன். அதன் பிறகு ஏரியின் ஆழத்தை ஏறக்குறைய 4 அடியாகக் குறைத்துவிட்டார்கள். இங்கே டச்சு நகராட்சிகள் ஐஸ் தடிமன் விஷயத்தில் பிடிவாதமாக இருப்பது எரிச்சலாக இருந்தது. இதைப் படித்த பிறகு இல்லை.

கால்வாய்க்கரை | ஜனவரி 6, இரவு 10.05

ஆட்டத்தையே மாற்றியவர் ஜாக்சன் ஹெய்ன்ஸ், அமெரிக்கர், பாலே நடனம் தெரிந்தவர். அவர் காலத்து ஆங்கிலப் பாணி எப்படி என்றால், உயரத் தொப்பி, விறைத்த முதுகு, நடுவில் ஓர் ஆரஞ்சுப் பழத்தை வைத்துவிட்டு அதைச் சுற்றி நாலு பேர் ஒரே கணக்கில் வளைவு போடுவது. கைகால் ஆடினால் கேவலம். ஹெய்ன்ஸ் இசைக்கு ஆடினார், சுழன்றார், உட்கார்ந்தபடி சுழன்றார். சொந்த ஊரில் சூடான வரவேற்பு இல்லை. 1860களில் ஐரோப்பா வந்தார். வியன்னாக்காரர்கள் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார்கள், வால்ட்ஸ் நடனத்தின் ஊர் இல்லையா. 1875இல் பின்லாந்தின் கொக்கொலாவில் இறந்தார். கல்லறையில் அமெரிக்க ஸ்கேட்டிங் அரசர் என்று எழுதியிருக்கிறது.

எனக்கு அவரைவிட அவர் பூட்ஸ் முக்கியம். அதுவரை ஸ்கேட்ஸ் காலணியோடு வாராலோ கவ்வியாலோ மாட்டுகிற தனிச் சாமான், துள்ளினால் ஆடும், கழன்று ஓடும். 1850 வாக்கில் பிலடெல்பியாவில் புஷ்னெல் முழு எஃகில் கவ்வி ஸ்கேட்ஸ் செய்தது பெரிய முன்னேற்றம். ஹெய்ன்ஸ் பிளேடைப் பூட்ஸின் அடியிலேயே நிரந்தரமாகத் திருகிவிட்டார். பிறகுதான் தாவல்களுக்கு வழி பிறந்தது. 1882இல் வியன்னாவில் ஆக்செல் பால்சென் ஒன்றரைச் சுற்றுத் தாவலைக் காட்டினார், அதுவும் வேகப் பந்தய ஸ்கேட்ஸில். அந்தத் தாவலுக்கு இன்றுள்ள ஆக்செல் என்ற பெயர் அவருடையது.

கால்வாய்க்கரை | ஜனவரி 7, காலை 7.45

ஒரு உபரித் தகவல். குளிரூட்டி வருமுன் 1840களில் லண்டனில் செயற்கை ஐஸ் தளம் ஒன்று போட்டார்கள். பன்றிக் கொழுப்பும் உப்புகளும் கலந்த கலவை. நாற்றம் தாங்காமல் ஜனம் ஓடிவிட்டது. உண்மையாக உறையவைத்த தளம் 1876இல் ஜான் கேம்ஜீ செல்சீயில் திறந்தது. செப்புக் குழாய்களில் குளிர்ந்த கிளிசரின் கரைசலை ஓடவிட்டு மேலே தண்ணீரை உறையவைத்தார். இன்றைய தளங்களும் அடிப்படையில் அதே வேலைதான் செய்கின்றன.

நெய்தல் | ஜனவரி 9, மாலை 5.30

இதுவரை பெண் என்று நீங்கள் எழுதியது விலா முறிந்த லிட்வினாவும் முட்டைக் கூடைக்காரியும்தான்.

கால்வாய்க்கரை | ஜனவரி 9, இரவு 11.50

நெய்தல், நியாயம். ஆங்கில ஸ்கேட்டர் மேட்ஜ் சையர்ஸ் கதையை இன்னும் நான் சொல்லவில்லை.

சர்வதேச ஸ்கேட்டிங் ஒன்றியம் 1892இல் நெதர்லாந்தின் ஸ்கெவெனிங்கனில் தொடங்கியது. 1896இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் முதல் ஃபிகர் ஸ்கேட்டிங் (வளைவும் சுழற்சியும் தாவலும் ஆடிக்காட்டுவது) உலகப் போட்டி. விதிகளில் ஆண்கள் மட்டும் என்று எழுதவில்லை. எழுத வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. 1902இல் லண்டன் போட்டிக்கு மேட்ஜ் சையர்ஸ் பெயர் கொடுத்தார், தடுக்க வழியில்லை. ஆடி இரண்டாம் இடம் பிடித்தார். முதலிடம் உல்ரிக் சால்கோவ், பத்து முறை உலகப் பட்டம் வென்றவர். அடுத்த ஆண்டே ஒன்றியம் பெண்களுக்குத் தடை போட்டது. நீளப் பாவாடை காலை மறைப்பதால் நடுவர்களுக்குத் தெரியாது, நடுவர் தன் காதலிக்கு மதிப்பெண் போட்டுவிடலாம் என்றெல்லாம் காரணங்கள். மேட்ஜ் பாவாடையைக் கணுக்காலுக்கு மேலே ஏற்றிக்கொண்டார்.

பிரிட்டன் தேசியப் போட்டி ஆண் பெண் இருபாலருக்கும் பொது. 1903இல் அவர் வென்றார். 1904இலும் வென்றார், அந்த முறை இரண்டாம் இடத்தில் அவர் கணவர் எட்கர். வீட்டுக்கு எப்படித் திரும்பினார்களோ. 1906இல் பெண்களுக்குத் தனிப் போட்டி வந்ததும் அதையும் 1907ஐயும் வென்று, 1908 லண்டன் ஒலிம்பிக்கில் தங்கம். ஆம், கோடைக்கால ஒலிம்பிக்கில்தான். குளிர்கால ஒலிம்பிக் வர இன்னும் பதினாறு ஆண்டு இருந்தது.

பழையசோறு | ஜனவரி 12, காலை 10.40

அழுத்தத்தால் ஐஸ் உருகி நீராவதால்தான் ஸ்கேட்ஸ் வழுக்குகிறது. பள்ளியில் படித்தது. விளிம்பு, கொழுப்பு என்று சுற்றிவளைக்காதீர்கள்.

கால்வாய்க்கரை | ஜனவரி 12, இரவு 9.20

எல்லோரும் அதைத்தான் படித்தோம். கணக்கில் நிற்காது. ஐஸின் உருகுநிலையை 1 டிகிரி குறைக்கவே சுமார் 130 வளிமண்டல அழுத்தம் வேண்டும். பிளேடு மெல்லியது, அழுத்தம் அதிகம்தான், ஆனாலும் சில டிகிரி கிடைத்தால் உச்சம். மைனஸ் 20இலும் மக்கள் ஸ்கேட் செய்கிறார்கள், பூட்ஸ் போட்டுக்கொண்டு நடப்பவனும் வழுக்கி விழுகிறான். அவனுக்கு ஏது பிளேடு? ஐஸின் மேற்பரப்பில் உருகுநிலைக்குக் கீழேயும் நீர்போன்ற மெல்லிய படலம் இருக்கிறது என்று ஃபாரடே 1850லேயே யோசித்தார். 1939இல் பௌடன், ஹியூஸ் என்ற விஞ்ஞானிகள் உராய்வு வெப்பம் முக்கியம் என்று காட்டினார்கள். மேற்பரப்பு மூலக்கூறுகள் சரியாகக் கட்டுண்டிருக்கவில்லை, உருண்டோடுகின்றன என்று இப்போது பேசுகிறார்கள். சண்டை இன்னும் முடியவில்லை.

வழுக்குவது ஐஸின் குணம். தள்ளுவதற்குத்தான் விளிம்பு. இரண்டும் வேறு வேறு.

கால்வாய்க்கரை | ஜனவரி 18, மாலை 7.00

இன்று எல்ஃப்ஸ்டெடென்டாக்ட் பற்றி அலுவலகத்தில் ஒரே பேச்சு. 1963 பந்தயம் நடந்தது இதே ஜனவரி 18. ஃப்ரீஸ்லாந்து மாகாணத்தின் பதினொரு நகரங்களை இணைக்கும் சுமார் 200 கிலோமீட்டர், இயற்கை ஐஸ், ஒரே நாள். 1909இல் முதல் போட்டி. 1963இல் மைனஸ் 18, பனிக்காற்று; ஏறத்தாழ 10,000 பேர் கிளம்பி மிகச் சிலர்தான் முடித்தார்கள். ரெய்னியர் பாப்பிங் வென்றார். 1986இல் இளவரசர் வில்லெம்-அலெக்சாண்டர், இன்றைய மன்னர், பொய்ப் பெயரில் ஓடி முடித்தார்.

நிபந்தனை ஒன்றுதான்: பாதை முழுக்க 15 சென்டிமீட்டர் ஐஸ். கடைசியாக அது அமைந்தது 1997 ஜனவரி 4. 2021 பிப்ரவரியில் ஆம்ஸ்டர்டாம் கால்வாயிலேயே ஸ்கேட் செய்தார்கள், நாடே பைத்தியமாகத் திரிந்தது, ஆனாலும் பதினொரு நகரத்துக்கும் போதவில்லை. என்னுடன் வேலை செய்பவர் ஒருவர் சங்க உறுப்பினர் சந்தாவை விடாமல் கட்டுகிறார். நடக்காது என்று அவருக்கே தெரியும். மாற்றுப் பந்தயம் ஆஸ்திரியாவின் வைசென்ஸே ஏரியில் நடக்கிறது, டச்சுக்காரர்கள் ஆயிரக்கணக்கில் காரோட்டிக்கொண்டு போகிறார்கள்.

கால்வாய்க்கரை | ஜனவரி 19, காலை 8.10

பனங்கிழங்குக்காக விளிம்பு வழக்கில் கடைசிச் சாட்சி. ஆம்ஸ்டர்டாம் வ்ரெய பல்கலைக்கழகத்தின் வான் இங்கன் ஸ்கெனாவ் குழு 1980களில் கிளாப் ஸ்கேட் செய்தது. பிளேடு பூட்ஸின் முன்பகுதியில் கீல் வைத்து இணைந்திருக்கும், குதிகால் விடுதலை. உதைத்து முடிக்கிற கடைசிக் கணத்தில் பாதம் நீண்டாலும் பிளேடு ஐஸிலேயே படிந்திருக்கும். அதாவது விளிம்பு இன்னும் கொஞ்ச நேரம் தள்ளும். திரும்பும்போது டப்பென்று ஒலிக்கும். நட்சத்திர வீரர்கள் பல ஆண்டு சீண்டவில்லை. 1996-97இல் டச்சுப் பெண்கள் போட்டுக்கொண்டு வெல்லத் தொடங்கியதும் எல்லோரும் ஓடினார்கள். 1998 நகானோ ஒலிம்பிக்கில் உலக சாதனைகள் சரிந்தன. மாறியது தள்ளும் நேரம், வேறொன்றும் இல்லை.

பனங்கிழங்கு | ஜனவரி 19, இரவு 8.30

உத்தி உங்களுக்கு, விளையாட்டு எனக்கு. பிரித்துக்கொள்வோம். அடுத்த குளிர்காலத்தில் மகனைக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று இருக்கிறேன். நம் நாட்டில் எங்கே?

கால்வாய்க்கரை | ஜனவரி 20, காலை 7.30

சிம்லா. 1920இலிருந்து திறந்தவெளித் தளம், டென்னிஸ் மைதானமாக இருந்த இடம். தண்ணீர் தெளித்து இரவுக் குளிரில் உறையவிடுவார்கள். வானம் தெளிவாக இருந்தால்தான் உறையும், மேகம் போட்டால் அன்று ஆட்டம் இல்லை. முன்பதிவு செய்துவிட்டுப் போய் ஏமாறாதீர்கள், வரவர ஆடும் நாட்கள் குறைகின்றன. லடாக்கின் லே நகருக்குப் போனால் குளங்களே உறைந்து கிடக்கும், ஐஸ் ஹாக்கிதான் அங்கே எல்லாம். டேராடூனில் 2011 தெற்காசியக் குளிர்கால விளையாட்டுக்குக் கட்டிய உள்ளரங்கம் ஒன்று உண்டு, நெடுநாள் மூடிக் கிடந்தது, திறந்திருக்கிறதா என்று விசாரித்துவிட்டுப் போங்கள்.

வாடகை ஸ்கேட்ஸ் எடுக்கும்போது விளிம்பை நகத்தில் லேசாக உரசிப் பாருங்கள். நகம் சுரண்ட வேண்டும். சுரண்டவில்லை என்றால் வேறு ஜோடி கேளுங்கள், மழுங்கினதில் மகன் கற்கவே முடியாது. தடித்த சாக்ஸ் வேண்டாம், மெல்லிய ஒன்று போதும். கணுக்கால் பக்கம் இறுக்கிக் கட்டுங்கள், விரல் பக்கம் கொஞ்சம் தளர்வாக. கையுறை கட்டாயம். விழுந்தால் விரலை மடக்கிக்கொண்டு எழச் சொல்லுங்கள், பின்னால் வருகிறவன் பிளேடு பார்த்து வராது.